பனி அரங்கில் அம்பு மழை

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில், குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி மோதல்கள் நடக்கும் அரங்கம் அது. 2025 ஜூனில் அங்கே பனித்தரை இல்லை. பீர் கோப்பைகள் நிறைந்த நீண்ட மேஜைகள், விதவிதமாக வேடமணிந்த ரசிகர்கள், ஓயாத பாட்டு. உலகக் கோப்பை டார்ட்ஸுக்கு 40 அணிகள் வந்திருந்தன.

அணிக்கு இருவர். முறை வரும்போது ஒருவர் மூன்று அம்புகள் எறிவார். அடுத்த முறை கூட்டாளிக்கு. 501 புள்ளிகளைப் பூஜ்யமாக்க வேண்டும். கடைசி அம்பு விரலைவிடக் குறுகலான இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோ தைத்தாக வேண்டும். ஒருவர் தவறவிட்டால், எதிரணி முடிக்காமலிருந்தால்தான் கூட்டாளிக்கு வாய்ப்பு.

இறுதிப் போட்டியில் வேல்ஸும் வடக்கு அயர்லாந்தும் 9-9. கடைசிச் சுற்றை ஜோஷ் ராக், டேரில் கர்னி ஜோடி வென்றது. 20 லட்சம் பேர்கூட இல்லாத வடக்கு அயர்லாந்துக்கு முதல் கோப்பை.