சொல்லாவிட்டால் ஆண்

அம்மா கடலிலிருந்து வந்து விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் லேப்டாப்பில் ஒரு பாலத்தின் மேல் எதிரித் தலைவனை மூன்றாவது தடவையாகக் கொன்றுகொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, அவன்தான் செத்துட்டான்ல. திரும்ப எதுக்குக் கொல்லுற?"

அவன் செத்தும் எனக்கு வெற்றி வரவில்லை. அதுதான் பிரச்சினை.

விளையாட்டின் பெயர் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் வைட் என்பவர் 2003இல் தொடங்கியது. காசு கிடையாது, நிரலையும் யாரும் திறந்து பார்க்கலாம். தாயம் போல முறை வைத்து ஆடுவது. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பே போதும். என்னுடையதில் பேட்டரி செத்துப்போய் ஒயரில்தான் ஓடுகிறது. ஆடுகிறவர்களே புதிய கதை, வரைபடம் எல்லாம் எழுதிச் சேர்ப்பார்கள். அதை மாட் என்பது வழக்கம். 2024இல் 1.18 பதிப்பு வந்த பிறகு நான் ஆடிய மாட் ஒரு தீவுக் கதை. நாயகி எல்ஃப் இனத்து வில்லாளி. பாம்பனில் உட்கார்ந்துகொண்டு எல்ஃப் பெண்ணுக்காக ஏன் தூக்கம் கெடுகிறாய் என்றால் பதில் இல்லை. ஆனால் கடலை அந்த விளையாட்டு ஓரளவு சரியாகவே புரிந்துவைத்திருக்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் நிற்கும் மனிதப் படைவீரனுக்குத் தற்காப்பு 20 சதவீதம், கடற்கன்னிக்கு 60. அம்மாவிடம் சொன்னேன். "பின்ன?" என்றாள்.

பிழையை எழுதி அனுப்ப ஒரு ஒழுங்கு உண்டு. என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு. கூடவே சேவ் ஃபைல். 'ஆட்டம் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாலத்துப் பிழை மறுநாளே சரியானது. "நன்றி, ப்ரோ" என்று பதில் வந்தது. நான் இரண்டு இனிஷியல் மட்டுமே போட்டிருந்தேன். மறுக்கவில்லை. ப்ரோவாக இருந்தால் வேலை நடக்கிறதே என்ற கணக்கு.

அடுத்த பிழை நான்காம் அத்தியாயத்தில். அதுவரை பெண்ணாக வந்த நாயகி, அதே பெயரோடு ஆணாக வந்து நின்றாள். நின்றான். எழுதி அனுப்பினேன். "ஆட்டம் நின்றுவிடவில்லையே? தோற்றம்தானே, பிறகு பார்க்கலாம்."

நானே கோப்பைத் திறந்தேன். ஒரு வில்லாளியைக் களத்தில் இறக்கும்போது பால் என்னவென்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஆண் என்று எடுத்துக்கொள்ளும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மாட் எழுதியவர் மறந்தார், அவள் ஆணாகிவிட்டாள். இத்தனைக்கும் ஆணுக்கு ஒரு வசனம், பெண்ணுக்கு ஒரு வசனம் என்று எழுத அதில் வசதி இருக்கிறது.

இந்தத் தடவை வரி எண்ணோடு அனுப்பினேன். 'அவன்' என்று வரும் ஏழு வசனங்களின் பட்டியலும் சேர்த்து. கடைசி வரியில், "நான் ப்ரோ இல்லை." நான்கு வாரம் சத்தமே இல்லை.

அந்த நான்கு வாரத்துக்குள்தான் அம்மாவின் நலத்திட்ட விண்ணப்பம் அச்சாகி வந்தது. தொழில்: இல்லத்தரசி. அம்மா பன்னிரண்டு வயதில் கடலில் இறங்கியவள். கண்ணாடி மாட்டி, காலில் தகரத்தட்டு கட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவள். அகர் அதிலிருந்துதான் வருகிறது. இங்கே தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பாசிக்குப் போகும் பெண்களுக்கு அதனால் வந்த மல்லுக்கட்டு தனிக்கதை. சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. கலிஃபோர்னியாவுக்குத் தெரிந்த தொழில் எங்கள் தாளுக்குத் தெரியவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார்: "ஒண்ணும் சொல்லலைன்னா அப்படித்தாம்மா வரும். பணம் வர்றதுக்கு இது தடை இல்ல."

அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். நடந்தது, நடந்திருக்க வேண்டியது, ஆதாரமாகப் பாசி வியாபாரியின் எடைச்சீட்டுகள். தொழிலுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது அம்மா சொன்னாள்: "மீனவர்னு போட்டா உங்கப்பான்னு நெனச்சுக்கிருவாங்க. பாசி எடுக்குற பொம்பளைன்னே போடு."

மாட்டின் புதிய பதிப்பு வந்தது. நாயகி நாயகியாகவே இருக்கிறாள். மாற்றக் குறிப்பில் 'சில சிறு திருத்தங்கள்' என்று இருந்தது.

அம்மாவுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கண்ணாடியும் தகரத்தட்டும் வைக்கிற கூடைக்குள் வைத்திருக்கிறாள். இரண்டு தடவை போய்க் கேட்டாயிற்று. அமாவாசைப் பாசி முடிந்ததும் மறுபடி போக வேண்டும்.