‘பாவம்’ என்னும் சொல்

தமிழில் வழங்கும் சொற்களுள் ‘பாவம்’ என்பது விந்தையானதொரு சொல். ஒருவன் பிறர் பொருளைக் கவர்ந்தால், ‘பாவம் செய்தான்’ என்கிறோம். பொருளைப் பறிகொடுத்தவன் தெருவில் நின்று அழுதால், ‘ஐயோ, பாவம்!’ என்கிறோம். செய்தவனைக் கடியவும் அச்சொல்லே. பட்டவனுக்கு இரங்கவும் அச்சொல்லே. அகராதியில் இவ்விரு பொருளும் ஒன்றன்பின் ஒன்றாக அமைதியுடன் நிற்கின்றன. நம் உள்ளத்திலோ அவை அத்துணை எளிதில் ஒருங்கே நிற்பதில்லை. பாவத்தைக் கடிவார்க்கு இரக்கம் குறைகின்றது. இரக்கம் மிகுந்தார்க்குப் பாவத்தைப் பாவமென்று சொல்ல நா எழுவதில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவனாதலின் சொல்லாராய்ச்சியில் தொடங்கினேன். ஆயினும் யான் கூறப் புகுவது வெறுஞ் சொல்லைப் பற்றியதன்று. பாவம், நியாயத்தீர்ப்பு, சுவிசேஷம் என்னும் மூன்றனையும் குழந்தைப் பருவமுதலே கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, அவை ஒருநாள் வினாக்களாக மாறிய வரலாற்றையே ஈண்டு உரைக்கின்றேன்.

என் தாயாரைப் பெற்ற ஆச்சி ஞானஸ்நானம் பெற்றவரல்லர். தாயார் தம் இளமையில், தம் விருப்பத்தாற் கிறிஸ்து சமயத்தைத் தழுவியவர். ஆச்சியோ முன்னோர் நெறியிலேயே நின்று, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றித் தொழுது வந்தார். எனினும் கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு எங்களுக்குப் புத்தாடை எடுத்துத் தருபவர் அவரே. காய்ச்சலுற்றுக் கிடக்கும் அயலார் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு செல்பவரும் அவரே. சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் அவர் காலமானார். ஈமக்கடன்கள் முடிந்தபின், துக்கம் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், ஊழியத்தில் ஈடுபாடு உடையவர், என் தாயாரை நோக்கி, “நீங்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், அம்மா. இனி அழுது என்ன பயன்? அவர்கள் போயிருக்கும் இடம் எதுவென்று நமக்குத் தெரியுமே” என்றார். தாயார் மறுமொழி கூறவில்லை. அவர் குடித்து வைத்த காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் சென்றார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்து வரும் கோடை விடுமுறையில் எங்கள் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் குழுவினர் சிற்றூர்கள் சிலவற்றுக்குச் சென்று நற்செய்தி கூறுதல் வழக்கம். இவ்வாண்டு என் பெயரும் அக்குழுவில் உளது. அங்குச் சென்று யான் யாது கூறுவேன்? நியாயத்தீர்ப்பை விட்டுவிட்டுப் பேசின், திருமறையிற் பாதியைக் கிழித்தவனாவேன். அப்பெரியவர் பேசியவாறு பேசின், அடுக்களைக்குள் சென்ற என் தாயாரை மறந்தவனாவேன். இவ்விரண்டிற்கும் இடையே வழி உளதோ என்று தேடலானேன்.

முதற்கண் பாவத்தை எடுத்துக்கொண்டேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘ஹமார்த்தியா’ என்று நிற்கும் சொல்லையே நம் தமிழ் வேதாகமம் ‘பாவம்’ என மொழிபெயர்க்கின்றது. அக்கிரேக்கச் சொல்லின் பழம்பொருள் குறி தவறுதல் என்பது. பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லும் அத்தகையதே. நியாயாதிபதிகள் ஆகமத்தின் இருபதாம் அதிகாரத்தில், பென்யமீன் கோத்திரத்து இடக்கை வீரர் எழுநூற்றுவர் மயிரிழையும் தப்பாது கவண்கல் எறிவர் என்று வருமிடத்தில், ‘தப்புதல்’ என்பதற்கு வழங்கிய வினைச்சொல்லே பிறவிடங்களிற் பாவம் செய்தலைக் குறிக்கின்றது. ஆகவே பாவமாவது, செய்யத்தகாதவற்றின் பட்டியல் மாத்திரமன்று. மனிதன் எதன்பொருட்டுப் படைக்கப்பட்டானோ அவ்விலக்கைச் சேராது போதல். திருவள்ளுவர் ‘தீவினையச்சம்’ என ஓர் அதிகாரமே வகுத்துத் தீமையைத் தீயினும் அஞ்சுமாறு நம்மைப் பழக்கினார். அவ்வச்சம் நன்று. அதனோடு, குறி தவறிய அம்பு எங்கோ முட்புதரில் வீழ்ந்து கிடக்கும் நிலை இரங்கத்தக்கது என்பதனையும் சேர்த்து நினைப்போமாயின், நம் தமிழ்ச்சொல்லின் இரு பொருளும் ஒரு வேரினின்று கிளைத்தனபோலத் தோன்றும்.

இவ்விரண்டனையும் ஒருங்கே கண்ட இடம் ஒன்று சுவிசேஷத்தில் உண்டு. கிறிஸ்துநாதர் எருசலேம் நகரை அணுகியபொழுது, அந்நகர் பகைவரால் முற்றுகையிடப்பட்டுக் கல்லின்மேற் கல்லின்றி அழியும் என்று எச்சரித்தார் என லூக்கா எழுதுகின்றார். உரோமர் கி. பி. 70ஆம் ஆண்டில் அந்நகரையும் ஆலயத்தையும் அழித்தமை வரலாறு. ஆயின் அவ்வெச்சரிக்கையைக் கூறியவரின் கண்கள் எத்தகையவாய் இருந்தன? அவர் நகரைப் பார்த்து அழுதுகொண்டே அதனைக் கூறினார். கண்ணீரை மாத்திரம் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விடுவோரும் உளர். எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு கண்ணீரை விடுவோரும் உளர். இரண்டனையும் பிரியாது வைத்தவர் அவர்.

அடுத்தது நியாயத்தீர்ப்பு. இதனை எண்ணுந்தோறும் வகுப்பிற் பயின்ற சிலப்பதிகாரமும், வீட்டிற் பயின்ற சாமுவேல் ஆகமமும் என் நினைவில் அருகருகே வந்து நிற்கும். பாண்டியன் நெடுஞ்செழியன் தீர ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள். முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. நீதிபதியாய் வீற்றிருந்தவன் அக்கணமே குற்றவாளியாயினான். தன்னைத் தானே கள்வனென்று தீர்த்து, அவ்விடத்திலேயே உயிர் துறந்தான். தாவீது அரசனோ உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அவனிடம் வந்து, மந்தை பல உடைய செல்வன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துச் சமைத்த கதையைக் கூறினார். தாவீது வெகுண்டு, அச்செல்வன் சாவுக்குரியன் என்றான். அம்மனிதன் நீயே என்றார் நாத்தான். இருவரும் பிறர்மேல் தொடுத்த தீர்ப்புத் தம்மேல் வந்து தைக்கக் கண்டவர்கள். பாண்டியனது மானமும் நேர்மையும் உலகுள்ளளவும் போற்றத்தக்கன. ஆயின் அவன் பிழையை மன்னிப்பார் அவ்வவையில் ஒருவரும் இல்லை. தாவீது தன் குற்றத்தின் விளைவுகளை நெடுங்காலம் நுகர்ந்தான். எனினும் அறிக்கையிட்டு, மன்னிக்கப்பெற்று, உயிர் வாழ்ந்தான். நியாயத்தீர்ப்பைப் பற்றிய கிறிஸ்தவ உபதேசத்திற்கும் ஊழ்வினை தானே வந்து ஊட்டும் என்னும் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவென யான் உணர்கின்றேன். வினை, ஆளை அறியாது. நியாயாதிபதியோ ஆளை அறிவார்.

‘தீர்ப்பு’ என்னும் நம் சொல்லையும் சற்று நோக்குக. கடனைத் தீர்க்கிறோம், நோயைத் தீர்க்கிறோம், தாகத்தைத் தீர்க்கிறோம், வழக்கையும் தீர்க்கிறோம். திருமறையில் நியாயாதிபதிகள் எனப் பெயர் பெற்ற கிதியோன், தெபொராள் முதலியோர் மன்றிலிருந்து தண்டம் விதித்தவர்களாக மாத்திரம் அறியப்படவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களை விடுவித்தவர்களாகவே போற்றப்படுகின்றனர். கர்த்தர் உலகை நியாயந்தீர்க்க வருகின்றார் எனக் கேட்டு மரங்களும் கடலும் மகிழ்வதாகத் தொண்ணூற்றாறாம், தொண்ணூற்றெட்டாம் சங்கீதங்கள் பாடுகின்றன. கூலியைப் பறிகொடுத்த உழவனுக்கும், வழக்கிற்குப் பொருளில்லாத கைம்பெண்ணுக்கும், தீர்ப்பு நாள் உண்டு என்பது அச்சுறுத்தலன்று, ஆறுதல். பிறர் உழைப்பைத் தின்று செழித்தவனுக்கே அது கலக்கம். தேசாதிபதி பேலிக்ஸிடம் பவுலடியார் நீதியையும் இச்சையடக்கத்தையும் வருங்காலத் தீர்ப்பையும் பற்றிப் பேசியபொழுது, நடுங்கியவன் சிறைப்பட்டிருந்த பவுல் அல்லன்; அரியணையில் இருந்த பேலிக்ஸே.

இனி, அத்தீர்ப்பு யாருடையது? மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வலப்பக்கம் நின்றாரும் வியக்கின்றனர். இடப்பக்கம் நின்றாரும் வியக்கின்றனர். ‘உமக்கு நாங்கள் எப்பொழுது உணவு தந்தோம்?’ என்பாரும், ‘எப்பொழுது தராதிருந்தோம்?’ என்பாரும், தம் கணக்கைத் தாமே அறியாதிருந்தனர். அவ்வாறாயின், பிறர் கணக்கை முடித்து, ‘நமக்குத் தெரியுமே’ என்று துக்க வீட்டிற் கூறுதல் யார்க்கு இயலும்? யோனா தீர்க்கதரிசி நினிவே நகருக்கு நாற்பது நாள் தவணை கூறினார். நகரத்தார் மனந்திரும்பினர், அழிவு நீங்கிற்று. யோனா மகிழவில்லை, சினந்தார். ஒரே நாளில் வாடிய ஆமணக்குச் செடிக்கு இரங்கும் நீ, வலக்கை இடக்கை அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு யான் இரங்கலாகாதோ என்னும் பொருள்பட ஆண்டவர் அவரை வினவினார். அவ்வினாவோடு அவ்வாகமம் முடிகின்றது. யோனாவின் மறுமொழி எழுதப்படவில்லை. ஊழியம் செய்யும் ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ள வேண்டிய இடமாக அதனை விட்டுவைத்தார்கள் போலும்!

நீதியாசனம் நம்முடையதன்று எனின், நமக்கு அளிக்கப்பட்ட இடம் எது? சாட்சிக் கூண்டு. சீடர்கள் சாட்சிகளாய் இருப்பார்கள் என்றே கிறிஸ்துநாதர் கூறிச் சென்றார். சாட்சி, தான் கண்டதைக் கூறல் வேண்டும், அஞ்சி மறைத்தலாகாது, கண்டதற்குமேற் கூட்டலும் ஆகாது. தீர்ப்பு எழுதுதல் அவன் தொழிலன்று. தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் இத்தகைய சாட்சியாய் விளங்கினார். தமிழ்ச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்தார். அவர் தாம் பேசியதோடு அமையாது, தமிழர்களிடம் வினாக்கள் விடுத்து, அவர்கள் எழுதிய மறுமொழிகளையும் பெற்று ஜெர்மன் மொழியில் பெயர்த்தனுப்பினார். கடற்கரையில் வாழ்ந்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் ஒழுக்கக் குறைகளைச் சுட்டிக் காட்டிய மறுமொழிகளும் அவற்றுள் உண்டு. சாட்சியின் சொல்லைக் கேட்பதற்குமுன் அவன் வாழ்க்கையைக் கேட்கும் உரிமை எதிர்நிற்பார்க்கு உண்டு என்பதனை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

இவ்வளவும் எண்ணியபின், ஒருநாள் மாலை தாயாரிடம், “அம்மா, ஆச்சியிடம் நீங்கள் சொன்னதே இல்லையா?” என்று வினவினேன். “சொல்லாமல் என்ன? எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். ‘உன் சாமி நல்ல சாமிதான், உன்னை நன்றாக வைத்திருக்கிறது’ என்பாள். அதற்குமேல் அவளுக்கும் அவருக்கும் என்ன பேச்சு நடந்ததென்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் அழுதுகொண்டே அவர் கையில் விட்டிருக்கிறேன். நீ ஊர்களுக்குப் போ, உனக்குத் தெரிந்ததைச் சொல், ஒரு வீட்டில் அழுகைக்குரல் கேட்டால், முதலில் உட்கார்ந்து அழு” என்றார். வேதசாத்திர நூல் எதனையும் பயிலாத என் தாயாரின் அம்மொழி, யான் தேடிய வழியை எனக்குக் காட்டிற்று.

ஆகவே விடுமுறையில் யான் செல்வேன். பாவம் உண்டு என்பேன்; அதனை முதலில் என் நெஞ்சகத்தே காட்டுவேன். தீர்ப்பு உண்டு என்பேன்; தீர்ப்பவர் நமக்காகக் காயப்பட்ட கையினர் என்பதனையும் உடன் கூறுவேன். கேட்பவர் மறுப்பின், அவர் வீட்டு மோரைப் பருகி, நண்பனாகவே விடைபெறுவேன். இக்கல்லூரியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் வேற்றுச் சமயத்து நண்பர்களே, உங்கள்பாலும் யான் வேண்டுவது ஒன்றுண்டு. நாங்கள் பேசுவதைக் கேளுங்கள். எங்கள் வாழ்வையும் கூர்ந்து நோக்குங்கள். குறி தவறும் இடத்தை எங்களுக்கு எடுத்துரையுங்கள். எல்லார் கணக்கையும் அறிந்தவர் ஒருவர் உளர். அவர் நீதியும் இரக்கமும் உடையவர் என்பதே யான் சொல்லத் துணியும் சாட்சி.