பலெர்மோவின் தக்காளிக் குழம்பு

மத்தியதரைக் கடலின் நடுவே, இத்தாலி நாட்டின் காலடியில் கிடக்கும் பெருந்தீவு சிசிலி. அதன் வடகரையில், ஒரு புறம் கடல் திறந்திருக்க, மறுபுறங்களில் மலைகள் அரண்போல் நிற்க அமைந்த தலைநகரே பலெர்மோ. நகரத்தைச் சூழ்ந்த சமவெளிக்குப் 'பொற்சிப்பி' என்று பொருள்படும் பெயரை முன்னோர் இட்டனர். ஒரு காலத்தில் எலுமிச்சையும் தோடையும் காய்த்துக் குலுங்கிய அச்சமவெளியின் பெரும்பகுதியை இன்று மாடிக் கட்டடங்கள் விழுங்கிவிட்டன. பெயர் மட்டும் பொன்னாகவே நிலைத்திருக்கிறது.

இலங்கைத் தமிழருக்கு இந்நகரம் அந்நியமன்று. 1980களிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டவர் பலர் இங்கு வந்து குடியேறினர். வீட்டு வேலை, முதியோரைப் பராமரித்தல் முதலிய பணிகளைச் செய்தே அவருட் பெரும்பாலோர் காலூன்றினர். என் சிறிய தகப்பனாரின் மகளும் அவ்வாறு சென்றவர்களுள் ஒருத்தி. அவளுடைய அழைப்பின்பேரில் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 10 நாட்கள் பலெர்மோவிலே தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

சரித்திர மாணவனுக்கு இந்நகரம் ஒரு திறந்த புத்தகம். பினீசியர், ரோமர், அரபியர், நோர்மானியர், ஸ்பானியர் எனப் பலரும் இங்கு ஆண்டு சென்றனர். நோர்மானிய அரசரின் அரண்மனைக் கோயிலிலே கிறிஸ்தவச் சித்திரங்களுக்கு மேலே அரபுக் கலைஞரின் மரவேலைப்பாடு விதானமாக விரிந்திருக்கிறது. இவ்விரு கலைகளும் கலந்த கட்டடங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2015ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

கட்டடங்களிற் காணும் கலப்பைச் சாப்பாட்டுக் கோப்பையிலும் காணலாம். அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியலறிஞர், 1154ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த தமது நூலிலே, பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியா என்னும் ஊரில் கோதுமை மாவினால் இழையுணவு செய்து கப்பலேற்றி அனுப்பிவந்ததைக் குறிப்பிட்டுள்ளார். அந்த இழைக்குத் துணையான தக்காளியோ அக்காலத்தில் ஐரோப்பியர் கண்ணாற் காணாத பொருள். அது தென் அமெரிக்காவிலே தோன்றி, மெக்சிக்கோவிலே பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாகக் கடல் கடந்தது. இத்தாலியர் அதற்குப் 'பொன்னாப்பிள்' என்று பொருள்படப் பெயர் சூட்டினர். எனினும், நச்சுச் செடிகள் சிலவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தமையால், நெடுங்காலம் பலர் அதனை உண்ண அஞ்சினர். நமது கத்தரியும் மிளகாயும் மணத்தக்காளியும் அதே குடும்பத்தவையே என்பதை மாணவர் நினைவிற் கொள்ளலாம். 1690களில் நாபொலி நகரிலே அன்ரோனியோ லத்தீனி என்பவர் எழுதிய சமையல் நூலில், 'ஸ்பானிய முறைப்படி' என்ற குறிப்போடு தக்காளிக் கூட்டொன்று இடம்பெற்றது. தக்காளியும் இழையுணவும் பிரியாத சோடியானது அதற்கும் வெகுகாலத்தின் பின்னரே.

பழைய பலெர்மோவின் உயிர்நாடி பல்லரோ என்னும் தெருச்சந்தை. குறுகிய தெருவின் இருமருங்கிலும் சிவப்புத் துணி விதானங்கள். அவற்றின் கீழே கத்தரிக்காய்க் குவியல், வாள்மீன் தலைகள், உப்பிட்ட நெத்தலி, உள்ளிச் சரங்கள். வியாபாரிகள் இராகம் இழுத்துக் கூவும் கூவலைக் கேட்டபோது, திருநெல்வேலிச் சந்தையின் காலை நேரம் என் செவியில் ஒலித்தது. ஒரு மூலையில் தமிழ்ப் பெண்கள் இருவர் சிசிலியப் பாஷையிலே பேரம்பேசி, தமக்குள்ளே யாழ்ப்பாணத் தமிழில் விலையை ஆராய்ந்துகொண்டிருந்தனர்.

ஓகஸ்ட் மாதத்தில் அச்சந்தை முழுவதும் செக்கச் சிவந்திருக்கும். வெயில் உச்சத்தில் நிற்கும் அந்நாட்களில், பழைய முறையைக் கைவிடாத குடும்பத்தினர் 'ஸ்த்ராத்து' என்னும் தக்காளிப் பசையைச் செய்கின்றனர். பழங்களை அவித்து, தோலும் விதையும் நீங்க வடித்து, உப்பிட்டு, அகன்ற மரப்பலகைகளிலே பரப்பி மொட்டைமாடி வெயிலில் வைப்பார்கள். இடையிடையே கிளறிவிட்டு, பனி படாமல் இரவில் உள்ளே எடுத்து, மறுநாள் மீண்டும் பரப்புவார்கள். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீரேயாதலால், 10 கிலோ பழம் நாட்கள் சிலவற்றில் சுமார் ஒரு கிலோவாகச் சுருங்கிக் கருஞ்சிவப்புக் களியாகிவிடும். அதனைப் போத்தலில் அடைத்து, மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றி மூடினால் மாரிகாலம் முழுவதும் உதவும். வடகமும் புழுக்கொடியலும் வெயிலில் உலர்த்தும் நமக்கு இந்தப் புத்தியை விளக்கவேண்டியதில்லை.

என் தங்கையின் வீட்டு மொட்டைமாடியிலும் அத்தகைய பலகைகள் மூன்று கிடந்தன. "இதை எங்கே வாங்கினாய், பிள்ளை?" என்று கேட்டேன். "வாங்கவில்லை, அண்ணை. இது எனக்கு வந்த முதுசம்" என்று சொல்லிச் சிரித்தாள். பின்னர் அதன் வரலாற்றைக் கூறினாள்.

1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் அவளும் கணவனும் ஊரைவிட்டுப் புறப்பட்டு, அடுத்த ஆண்டிலே பலெர்மோவை அடைந்தனர். இருவரும் பிறர் வீடுகளைத் துடைத்துச் சம்பாதித்ததில் ஒரு பங்கு வாடகைக்கும், ஒரு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு ஊரிலிருந்த தாய் தகப்பனுக்கும் போயிற்று. எஞ்சியது சொற்பம். மாலை ஏழு மணிக்குக் களைத்து வந்து அடுப்பை மூட்டினால், தேங்காயும் இல்லை, கறித்தூளும் இல்லை. கீழ் மாடியில் தனியே வாழ்ந்த சிசிலிய மூதாட்டி ஒருவர், இவர்களுடைய அடுப்பில் இரண்டு நாட்களாக வாசனை எழாததைக் கவனித்தார் போலும். ஒரு கிண்ணத்திலே தக்காளிக் குழம்பை ஏந்தி வந்து கதவைத் தட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு இத்தாலியம் தெரியாது. மறுநாள் அவர் வெறுங்கையோடு வந்து, இவளுடைய அலுமாரியைத் திறந்து, உள்ளதை எடுத்து மேசையில் வைத்து, அதைக் கொண்டே சமைத்துக் காட்டினார்.

"எல்லாம் இருபது நிமிடம்தான், அண்ணை. ஒரு பேணித் தக்காளி, உள்ளி, உப்பு, எண்ணெய். அந்த இருபது நிமிடத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு வீட்டு மணம் வந்துவிட்டது" என்றாள் தங்கை.

அம்மூதாட்டி காலமானபோது, வட இத்தாலியில் வாழும் அவருடைய பெண்மக்கள் பொருட்களைப் பகிர்ந்துகொண்டனர். உலர்த்தும் பலகைகளை எவரும் வேண்டவில்லை. அவை மேல்மாடித் தமிழ்ப் பெண்ணிடம் வந்து சேர்ந்தன. இன்று அக்கட்டடத்திலே ஸ்த்ராத்து உலர்த்துபவள் அவள் ஒருத்தியே. படியேறி வரும் அயலவர், பழைய மணத்தை முகர்ந்து ஒரு கணம் நின்று செல்கின்றனர். ஓர் ஊரின் வழக்கத்தை அவ்வூரிற் பிறந்தவர்தாம் காக்கவேண்டும் என்பதில்லை; பசித்த வேளையில் அதனாற் பயன்பெற்றவரும் காப்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை என்னைப் பெலெக்ரீனோ மலைக்கு அழைத்துச் சென்றாள். சுமார் 600 மீற்றர் உயரமான அம்மலையின் குகையொன்றிலே நகரத்தின் காவற் புனிதையான சாந்தா ரொசாலியாவின் ஆலயம் இருக்கிறது. 1624ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவர் என்று மக்கள் அவரைப் போற்றுகின்றனர். தமிழர், கிறிஸ்தவரும் சைவருமாக, அம்மலைப் பாதையில் நடந்து செல்வதைக் கண்டேன். நெற்றியில் திருநீற்றோடு குகை வாயிலில் கைகூப்பி நின்ற என் தங்கையை எவரும் புதுமையாக நோக்கவில்லை.

இனி, அந்தக் குழம்பைச் செய்யும் முறையைச் சொல்வேன். நால்வருக்கு 400 கிராம் தக்காளிப் பேணி ஒன்று போதும். நம் நாட்டிலே பேணியின் விலை கட்டாதாயின், நன்கு கனிந்த பழம் 600 கிராம் எடுத்து, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டுத் தோலுரித்துப் பிசைந்துகொள்ளலாம். அகன்ற தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மூன்று பல் உள்ளியை நசுக்கி இட்டு, மெல்லிய நெருப்பிலே வதக்கவேண்டும். உள்ளி கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும். செத்தல் மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போடலாம். தக்காளிப் பசை இருப்பின் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து இரண்டு நிமிடம் வறுத்தால் சுவை ஆழமாகும். பின்பு தக்காளியும் அரைத் தேக்கரண்டி உப்பும் இட்டு, மூடாமல் 15 நிமிடம் கொதிக்க விடவேண்டும். மூடாவிடின் நீர் விரைவில் வற்றும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்பதே பதம். புளிப்பு மிகுந்தால் ஒரு சிட்டிகை சீனி. இறக்கும்போது திருநீற்றுப்பச்சை இலை நாலைந்து. இத்தாலியர் பெரிதும் போற்றும் இவ்விலை நம் முற்றங்களிலும் வளர்வதுதான். தக்காளிக்குச் செந்நிறம் தரும் சத்து எண்ணெயிற் கரைவது. ஆகையால், எண்ணெயோடு வெந்த தக்காளியிலிருந்து அதனை உடல் எளிதாக ஏற்கிறது.

இதற்கிடையில் பக்கத்து அடுப்பிலே உப்பு நீரில் 400 கிராம் இழையுணவு வெந்துவிடும். அந்த நீரில் ஓர் அகப்பை அள்ளிக் குழம்பில் விட்டுக் கிளறினால், அதிலுள்ள மாச்சத்துக் குழம்பை இழையோடு ஒட்டச் செய்யும். பாற்கட்டி வாங்க வசதியற்ற சிசிலிய ஏழைகள், பழைய பாணைத் தூளாக்கி, எண்ணெயிற் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினர். இன்று செல்வரும் அதனை விரும்பி உண்கின்றனர். இடியப்பத்துக்கும் இக்குழம்பு இசையும். ஆனால் மல்லித்தூள் சேர்க்கலாமா என்று நான் வினவியதும், தங்கையின் மகன், "மாமா, இதையும் கறியாக்கிப் போடாதையுங்கோ!" என்று பதறிவிட்டான்.

2022ஆம் ஆண்டில் நம் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, பலெர்மோவிலிருந்து ஊருக்கு வழக்கத்திலும் அதிகமாகப் பணம் வந்தது. அந்த மாதங்களில் கிழமையில் நான்கு நாட்கள் தன் வீட்டில் இக்குழம்பே உணவு என்பதைத் தங்கை பேச்சுவாக்கிலே சொன்னாள். ஊரிலே அப்பணத்தைப் பெற்றவர்கள் அதனை அறிந்திருக்க மாட்டார்கள்.

தம்புள்ளைச் சந்தையிலே தக்காளி விலை வீழ்ந்து, விவசாயிகள் பழத்தைக் கொட்டிவிட்டுச் சென்ற செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சில மாதங்களில் அதே பழம் எட்டாத விலைக்கு ஏறிவிடுகிறது. மலிந்த காலத்தில் இரண்டு கிலோ அதிகமாக வாங்கிக் குழம்பாக்கிவைத்தால் விவசாயிக்கும் உதவி, இல்லத்துக்கும் சிக்கனம். ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாட்களுக்கும், உறையவைத்தால் சில மாதங்களுக்கும் கெடாதிருக்கும். கல்லூரி விடுதிகளை விட்டுத் தனியறை எடுத்துப் படிக்கும் மாணவர்களும் இதனைப் பழகிக்கொள்ளலாம். ஒரு தாச்சியும் இருபது நிமிடமும் இருந்தால் போதும். அயல் அறையில் அடுப்பு எரியாத நாளில் கொடுத்துண்ண ஒரு கிண்ணமும் மிஞ்சும்.