சாவி ஷூவுக்குள்தான் இருந்தது!

'பூட்டிய வீட்டில் 30 பவுன் கொள்ளை' - டிஜிட்டல் டெஸ்க்கில் வாரத்துக்கு நாலு முறையாவது இப்படி ஒரு தலைப்பு வைத்துவிடுவேன். ஊரும் பவுனும்தான் மாறும். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, நைட் ஷிஃப்ட்டில் அப்படி ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து படுத்தேன். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோதே எங்கள் வீட்டில் திருடு போனது. பட்டப்பகலில்!

அப்பா ஆபீஸில். அம்மா கபாலி கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே தி.நகரில் இருக்கும் தன் ஆபீஸுக்குப் போய்விட்டார். வேலைக்கு வரும் அக்காவுக்காக, வாசல் ஷூ ஸ்டாண்டில் அப்பாவின் பழைய ஷூவுக்குள் எப்போதும் ஒரு சாவி இருக்கும். பெல் அடித்து என் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமே என்று நான் கொடுத்த ஐடியாதான் அது.

சாயங்காலம் அம்மா பீரோவைத் திறந்தபோது நாலு பவுன் வளையல்கள் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி ஷூவுக்குள் பத்திரமாக இருந்தது. சந்தேகம் நேராக அக்கா மேல் போனது.

அம்மாவை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2022 மே மாதம், அமெரிக்காவிலிருந்து மயிலாப்பூர் திரும்பிய முதிய தம்பதியைக் கொன்று, நகைகளோடு தப்பியதாகக் கைதானது, ஏர்போர்ட்டிலிருந்து அவர்களை அழைத்துவந்த சொந்த டிரைவர்தான். கூட்டாளியோடு அன்றே ஆந்திராவின் ஓங்கோலில் பிடிபட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு எல்லோர் மேலும் ஒரு கண்.

சனிக்கிழமை அக்கா வந்ததும், "நல்லா யோசிச்சுப் பாரும்மா, எங்கயாவது மாத்தி வெச்சுட்டியா?" என்றார் அம்மா. திரும்பத் திரும்பக் கேட்டார். நாலாவது முறை கேட்டபோது, அக்கா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர் மருந்துக்கடையில் ஒரு கேமரா உண்டு. ஏ.கே.விஸ்வநாதன் சென்னை கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தெருவுக்குத் தெரு வைக்கச் சொன்னார்களே, அப்போது மாட்டியது. புகார் கொடுத்த பிறகு அதைப் போட்டுப் பார்த்தார்கள். 10.52-க்கு ஹெல்மெட்டும் முதுகில் பெரிய பையுமாக ஒருவர் எங்கள் படியேறுகிறார். 11.03-க்கு இறங்குகிறார். அக்கா வந்தது 11.20-க்கு. முந்தைய இரண்டு நாள்களும் அதே ஆள் எதிரே வண்டியில் உட்கார்ந்து போன் பார்க்கிறார். எங்கள் முதல் மாடி வாசல் தெருவிலிருந்தே தெரியும்; சாவி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும்தான். ஹெல்மெட்டும் பையும் இருந்தால் இந்த ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"ராத்திரி ரெண்டு தாழ்ப்பாள் போடுறீங்க. பகல்ல சாவிய வாசல்ல வெக்கிறீங்க" என்றார் விசாரித்த ஏட்டு. சட்டமும் இரவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறது. திருடுவதற்காகப் பதுங்கி வீடு புகுந்தால் பகலில் 10 ஆண்டு வரை சிறை, இரவில் 14 ஆண்டு வரை. பழைய இ.பி.கோ.வில் இருந்த இந்தக் கணக்கு, 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது.

பூட்டை மாற்றினோம். மிச்ச நகை பேங்க் லாக்கருக்குப் போனது. ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகிறோம், ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். வீட்டில் ஆள் இருந்தாலும் உள்தாழ்ப்பாள் போடுகிறோம். அன்று இதை மட்டும் நான் செய்திருந்தால் அந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை. வளையல்கள் இன்னும் கிடைக்கவில்லை.

பட்டினப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். "தப்பா கேட்டுட்டேன்" என்றார் அம்மா. அக்கா காபி கொடுத்தார், பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தார். அம்மா புதுப் பூட்டின் சாவி ஒன்றை அவர் கையில் கொடுக்கப் போனார்.

"சாவி வேணாம்மா. நான் பெல் அடிக்கிறேன், பாப்பா எந்திரிச்சுத் தொறக்கட்டும்."

தினமும் பதினொன்றே காலுக்கு பெல் அடிக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்த் திறக்கிறேன்.