மயிற்பொறியும் மிக்-21உம்

சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வரும் பகுதியை நடத்திக்கொண்டிருந்தோம். சச்சந்தன் செய்வித்த அந்தப் பறக்கும் மயிலில்தான் கருவுற்ற விசயை தப்பிச் செல்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

“ஐயா, அந்த அரசனைப்போல நாமும் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா? விமானப்படை கழித்துவிட்ட மிக்-21 விலைக்குக் கிடைக்குமா?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். “தம்பி, முதலில் தேர்வுக் கட்டணத்தைக் கட்டு” என்றோம். அமர்ந்தவர் அந்த மணி முடியும்வரை தலை நிமிரவில்லை.

1963இல் நம் விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றிருந்தது. சில நாள்களாகச் செய்தித்தாள்களில் அதே பேச்சு. அவர் கேட்டதில் வியப்பில்லை. ஸ்ரீரங்கம் திரும்பும் பேருந்து சிந்தாமணியைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறியபோது, நம் சிரிப்பு நமக்கே கசந்தது. வினாவுக்கு விடையல்லவா தந்திருக்க வேண்டும்? அன்றிரவு கணக்குப் பார்த்தோம்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். அரங்கன் கோயில் யானையை நாள்தோறும் காணும் நமக்கு அதன் பொருள் தெரியும். மிக்-21 அதனினும் பெருந்தீனிக்காரன். ஒருமுறை நிரப்ப இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் எரிபொருள் வேண்டும். சில நூறு மணி நேரம் ஓடியதும் எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட வேண்டும். விமானியைத் தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்து உண்டு. அதைப் பேணத் தனிப் பயிற்சி பெற்றவர் தேவை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும் ஊர்தியை ஓட்டக் கற்பது வேறு.

ஆயினும் வாங்கி ஓட்டியவர் உண்டு. அமெரிக்காவின் ஆர்ட் நால்ஸ், பிரிட்டன் கழித்த சீ ஹாரியர் ஒன்றை வாங்கிப் பறக்கவிட்டார். அவரோ ஹாரியர் ஓட்டிப் பழகிய ஓய்வுபெற்ற படை விமானி. மறுபக்கமும் உண்டு. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் நகரருகே, தனியாருக்குச் சொந்தமான ஹண்டர் ஜெட் ஒன்று வான்காட்சியின்போது நெடுஞ்சாலையில் விழுந்து பதினொருவர் மாண்டனர். வாங்கியவரின் பணத்தோடு முடிகிற ஆசையன்று இது.

நம் நாட்டில் கழித்த போர் விமானங்கள் அருங்காட்சியகங்களிலும் கல்விக்கூடங்களிலும் பறவாப் பறவைகளாக நிற்கின்றன. அதனால் என்ன பயன் என்று எண்ணியபோதுதான் அப்துல் கலாம் நினைவுக்கு வந்தார். இதே திருச்சியில், தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பின்னர்ச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அங்கே பாடத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்கள் அவரை ஈர்த்தன. மற்றவர்கள் விடுதிக்குப் போனபின்னும் அவற்றினருகே அமர்ந்திருந்ததை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக வந்து விமானியாகும் வாய்ப்பை இழந்தவரும் அவரே. 2006இல், குடியரசுத் தலைவராக, புனேயில் சுகோய்-30இல் பறந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு விமானமும் இருந்ததில்லை. அருகே அமர ஒன்று கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் சிரித்ததற்கு எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தோம். கணக்கையும் சொன்னோம், கலாமையும் சொன்னோம். மாணவர் சற்று யோசித்தார்.

“அப்படியானால், நம் கல்லூரிக்கு ஒன்று கேட்டுப் பார்க்கலாமா ஐயா?”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை அவரே எழுதட்டும் என்றோம். ஒற்றுப்பிழை திருத்துவது நம் பொறுப்பு.