போர்டிகோவில் ஒரு பட்டறை

நானோ காரின் முகத்தில் பெரிய கிரில் தேவையில்லை. இன்ஜினும் ரேடியேட்டரும் பின்னால் இருக்கின்றன. முன் மூடியைத் திறந்தால் ஸ்டெப்னி டயரும் பெட்ரோல் ஊற்றும் வாயும்தான் கண்ணில் படும். "அதனாலதானுங்க இந்த வேலைக்கு ஒத்துக்கிட்டேன். ஆல்ட்டோவா இருந்து, வாயை அடைச்சு அழகு பண்ணினோம்னா ரெண்டாம் நாளே ஹீட் ஆயிரும். இதுல மூஞ்சி நம்ம இஷ்டம்" என்றார் டிங்கர் அண்ணன்.

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் போர்டிகோ. கூரைக் கொக்கியில் தொங்கவிட்ட எல்.இ.டி. விளக்கு, தரையில் விரித்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர், அதன்மேல் சக்கரம் கழற்றிய நானோ. வண்டிக்காரர் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரப்பரிசோதனை பார்க்கும் இளைஞர். செகண்ட்ஹேண்டில் வாங்கிய காரை அறுபதுகளில் ஓடிய வண்டிபோல ஆக்க வேண்டும் என்பது ஆசை. டிங்கர் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சொந்தப் பட்டறை மூடிய பிறகு, கூப்பிட்ட வீட்டுக்கு டூல்ஸ் பையோடு போய் வேலை செய்கிறார். பெயிண்டர் அவருடைய பழைய கூட்டாளி. ஃபைபர் வேலைக்கு அண்ணனின் மாப்பிள்ளை வருகிறார்.

புதுக் காருக்குப் பழைய தோற்றம் கொடுப்பதைப் பெரிய கம்பெனிகளே செய்து பார்த்திருக்கின்றன. 1987இல் நிஸான் பி-1 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 1989இல் பாவோ, 1991இல் ஃபிகரோ. மூன்றுக்கும் தோலுக்கு அடியில் இருந்தது சாதாரண நிஸான் மார்ச். ஃபிகரோவில் 20,000 வண்டிதான் செய்தார்கள், குலுக்கல் போட்டு விற்றார்கள். அதே மார்ச்சை எடுத்து, முன்னும் பின்னும் மாற்றி, பழைய ஜாகுவாரின் சாயலில் வ்யூட் என்று 1993 முதல் விற்ற மிட்சுவோகா கம்பெனியும் ஜப்பானில்தான் இருக்கிறது. பிறகு 2001இல் புது மினி, 2007இல் புது ஃபியட் 500. கம்பெனிக்காரனிடம் அச்சும் பிரஸ்ஸும் உண்டு. சிங்காநல்லூரில் இருந்தது ஒரு சுத்தி, ஒரு மணல் மூட்டை, நடுவில் குழி தோண்டிய புளியமரக் கட்டை.

இளைஞர் நானோவைத் தேர்ந்தது விலை குறைவு என்பதால். ஆனால் தேர்வு அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது. 1957இல் வந்த ஃபியட் 500க்கும் இன்ஜின் பின்னால்தான். இரண்டு சிலிண்டர், 479 சி.சி. நானோவுக்கும் பின்னால்தான், இரண்டு சிலிண்டர், 624 சி.சி. 1959இல் வந்த முதல் மினிக்கு ஸ்பீடோமீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருந்தது, நானோவுக்கும் நடுவில்தான். எலும்பில் உறவு இருக்கிறது. சிக்கல் உயரத்தில். நீளத்தில் ஃபியட்டும் நானோவும் ஏறத்தாழ மூன்று மீட்டர். ஆனால் ஃபியட்டின் உயரம் 1.32 மீட்டர், நானோவின் உயரம் 1.65. ஓரடிக்கு மேல் கூடுதல். இந்த ஓரடியை என்ன செய்வது என்பதுதான் மொத்த வேலையின் கேள்வியே. இதை யோசிக்காமல் ஆன்லைனில் குரோம் சாமான் வாங்கி ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்த வண்டிகள் கல்யாணத்துக்கு ஜோடித்த மாதிரி இருக்கும், பழைய வண்டி மாதிரி இருக்காது.

டிங்கர் அண்ணனின் பதில் எளிமையாக இருந்தது. "உயரத்தை வெட்ட முடியாதுங்க. கண்ணை ஏமாத்தோணும்." ஜன்னலுக்குக் கீழே இடுப்பு உயரத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே ஐவரி வெள்ளை, கீழே வெளிர் பச்சை. கோட்டின்மேல் விரல் அகலத்துக்கு ஒரு பீடிங். மேல்பாதி வெளிறிப் போனதும் கண் கீழ்ப்பாதியை மட்டும் வண்டி என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டுத் தெருவுக்குப் போய் நின்று பார்த்தார், பிரித்தார், ஒரு விரற்கடை இறக்கினார், மறுபடி தெருவுக்குப் போனார். ஒரு காலை நேரம் முழுக்க இந்தக் கோட்டுக்கே போயிற்று. வண்டிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணா, லைட்டு வேலையப் பாக்கலாமுங்களா?" "லைட்டு எங்க போயிருது தம்பி, இரு."

லைட் வேலைதான் நான் முக்கியமாகப் பார்க்க வந்தது. அம்பாசிடர், பியட், ஜீப், புல்லட் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஏழு அங்குல வட்ட விளக்கு. அது இன்றைக்கும் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். வண்டிக்காரர் அதில் ஒரு ஜோடி வாங்கியே வைத்திருந்தார். நானோவின் விளக்கோ மேல்நோக்கி இழுத்துவிட்ட கண்ணீர்த்துளி வடிவம். பழையதைப் பிடுங்கி வட்டத்தைப் பொருத்த ஃபெண்டரை வெட்ட வேண்டும். அண்ணன் மறுத்துவிட்டார். கம்பெனி விளக்கு அப்படியே இருக்கட்டும், ஒளி விழும் இடத்தையும் இண்டிகேட்டரையும் மறைக்காமல் சுற்றிலும் தகட்டு வளையம் செய்து போட்டால் வட்டக் கண் வந்துவிடும் என்றார்.

வளையம் உருவானது இப்படி. தட்டைத் தகட்டில் அளவு போட்டு வெட்டியாயிற்று. அதைப் புளியங்கட்டையின் குழிமேல் வைத்து, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அடிக்கிறார். ஒரே இடத்தில் இரண்டு அடி விழுவதில்லை. தகடு குழிந்து கிண்ணமாகிறது, ஆனால் விளிம்பு பாவாடைக் கரைபோலச் சுருங்கி மடிகிறது. அந்த மடிப்பை அடித்துத் தட்டையாக்கினால் தகடு விரிந்து கெட்டுவிடும். அதனால் கேஸ் விளக்கால் காசு அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, உடனே ஈரத்துணியை வைக்கிறார். சூட்டில் விரியப் பார்த்த உலோகம் சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாததால் உள்ளுக்குள் தடிக்கிறது, ஆறும்போது சுருங்குகிறது. ரயில் பட்டறையிலும் கார் பட்டறையிலும் காலங்காலமாக இருக்கும் வித்தை. கடைசியில் புளியங்கட்டையை ஒதுக்கிவிட்டு, டாலி என்கிற உள்ளங்கை அளவு இரும்புக் கட்டையை அடியில் பிடித்து, மேலே சன்னமான சுத்தியால் தட்டி நைசாக்குகிறார். மேடு பள்ளத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு தடவிக் கண்டுபிடிக்கிறார். வெறுங்கையைவிடத் துணி போட்ட கைக்கு அலை நன்றாகத் தெரியுமாம். நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு இரண்டு கையிலும் எதுவும் தெரியவில்லை.

இடது வளையமும் வலது வளையமும் ஒன்றுபோல வரவேண்டும் என்பதுதான் பெரிய பாடு. அட்டையில் வளைவை வெட்டி வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார். நூலிடை வித்தியாசம் இருந்தாலும் வண்டி மாறுகண்ணாகத் தெரியும் என்றார்.

டிங்கரிங் தொழில் எப்படி இருக்கிறது என்று கேட்டதும் சுத்தியைக் கீழே வைத்தார். "அம்பாசிடர் கதவெல்லாம் அடி வாங்கினா நாம அடிச்சு எடுப்போமுங்க. இப்ப பம்பர் பூரா பிளாஸ்டிக். உடைஞ்சா தூக்கிப்போட்டு வேற மாட்டிருவாங்க. கதவு நசுங்குனாக்கூடக் கதவையே மாத்தி இன்சூரன்ஸ்ல எழுதீர்றாங்க. எங்களுக்கு எங்க வேலை?" அம்பாசிடர் 2014இல் நின்றுபோனது. அதற்கு முன்பே பியட்டும் போயிற்று. இப்போதைய தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பட்டறையில் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு ஒடுக்கெடுக்கவும் பட்டி பூசவும் தெரிந்தால் போதும், தட்டையான தகட்டிலிருந்து ஒரு வளைவைப் பிறப்பிக்கத் தெரிய வேண்டிய அவசியமே வருவதில்லை. இந்த மாதிரிப் பழைய தோற்ற ஆசைகள் வந்தால்தான் அவருடைய புளியங்கட்டை வெளியே வருகிறது. ஃபேஷன் என்று நாம் லேசாகச் சிரிக்கிற ஒன்றில் அவருடைய கைத்தொழில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முன்னால் மீசைபோல வரும் அலங்கார கிரில் மட்டும் ஃபைபர். உருவைச் செதுக்கி, பட்டி பூசித் தேய்த்து, அதன்மேல் மெழுகு தடவி அச்சு எடுத்தார் மாப்பிள்ளை. ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலந்து வைத்து, வேலை தொடங்கும்போதுதான் கேட்டலிஸ்ட்டை ஊற்றுகிறார். கிலோவுக்குப் பத்து முதல் இருபது கிராம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால் இரண்டு பாட்டிலையும் போர்டிகோவின் இரண்டு மூலையில் வைத்திருந்தார். வீடியோ பார்த்து வீட்டிலேயே முயல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபைபரில் பானெட்டையே செய்துவிடலாம் என்று வண்டிக்காரர் ஒரு கட்டத்தில் ஆசைப்பட்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து வேண்டாமென்றார்கள். 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நானோ வாங்கியது பூஜ்ய நட்சத்திரம். இருக்கிற பலத்திலும் கை வைக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்தது சரி.

பீடிங்குக்கு குரோம் ஸ்டிக்கர் ஒட்டாமல், இரும்புப் பட்டியை பிளேட்டிங் பட்டறைக்குக் கொடுத்தார்கள். செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோம். அந்தக் குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பளபளப்பெல்லாம் அடியில் இரும்பையும் நிக்கலையும் பாலிஷ் போட்டவரின் உழைப்பு. சீட்டுக்கு இரண்டு நிற ரெக்ஸினில் வெள்ளை பைப்பிங் வைத்துத் தைத்து வந்தது. நன்றாகவே இருந்தது.

பெயிண்ட் நாளில் போர்டிகோவின் மூன்று பக்கமும் பிளாஸ்டிக் தாள் கட்டி, தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார்கள். அதற்கு முன்பே பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்பை லேசாகத் தூவியிருந்தார் பெயிண்டர். வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். அப்படித் தங்கிய இடத்தில் மறுபடி பட்டி. பச்சை அடித்தது பி.யூ. பெயிண்ட். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குள் போனால் தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பெயிண்டர் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. விளக்குக்கும் வீல் கப்புக்கும் யோசிக்காமல் செலவழித்த வண்டிக்காரருக்கு மாஸ்க் வாங்கத் தோன்றவில்லை. பெயிண்டருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் சொன்னபோது "பழகிருச்சுங்க" என்றார். பழகுகிற விஷயமில்லை அது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். நம்பர் பிளேட்டைப் பழைய பாணி எழுத்தில் எழுதும் ஆசை வேண்டவே வேண்டாம். அண்ணன் ஃபெண்டரை வெட்ட மறுத்தது சட்டம் படித்து அல்ல. வெட்டினால் திரும்ப ஒட்டினாலும் பழைய தகடு ஆகாது என்பதால். வளையமும் கிரிலும் நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

முடிந்த வண்டியைப் பற்றி என் அபிப்பிராயம்: முன்பக்கத்திலிருந்து சற்றுக் கோணலாகப் பார்த்தால் அருமை. இடுப்புக்கோடு தன் வேலையைச் செய்கிறது, வட்டக் கண்கள் இரண்டும் நேராகப் பார்க்கின்றன. டயரில் ஒட்டிய வெள்ளை வளையம் பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்குப் பெரிது, எடுத்துவிடலாம். பின்பக்கம் எந்த வித்தைக்கும் மசியாமல் நானோவாகவே நிற்கிறது. கூரைக்குமேல் கேரியர் வைக்கும் யோசனையை அண்ணன் முளையிலேயே கிள்ளியதற்கு வண்டிக்காரர் நன்றி சொல்ல வேண்டும். கேரியர் வந்திருந்தால் ஏமாற்றிய ஓரடி திரும்ப வந்திருக்கும்.

கணக்குத் தீர்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பயன்படாமலே போன ஏழு அங்குல விளக்கு ஜோடிக்கு அச்சிட்ட விலையைக் கொடுத்தவர், அண்ணனின் கூலியில் பேரம் பேசினார். அண்ணனும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால் சாமான் வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தகட்டை வளைக்கத் தெரிந்த ஒரு டிங்கரைத் தேடுங்கள்; பழைய அம்பாசிடர் ஓட்டிய டிரைவர்களைக் கேட்டால் ஆள் சொல்வார்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதைச் செய்யாதீர்கள். பெயிண்டருக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகு வண்டியை ரோட்டில் இறக்குங்கள்.