பசுமைக்குடில் கட்டும் வேலை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில்களைப் பாலிஹவுஸ் என்றே பலரும் சொல்கிறார்கள். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மேட்டுநிலத்தில் குடிலுக்குள் சூடேற்றும் கருவியும் தேவையில்லை, பெரிய மின்விசிறிகளும் தேவையில்லை. மழையைத் தடுக்க வேண்டும், பூச்சியை வெளியே நிறுத்த வேண்டும், சூடேறிய காற்றைக் கூரைத் திறப்பு வழியே போகவிட வேண்டும். சிறு விவசாயிகள் பலர் 1,000 சதுர மீட்டரில், அதாவது சுமார் 25 சென்ட்டில், தொடங்குகிறார்கள்.

கட்டுபவர்களின் கவலையெல்லாம் காற்றுதான். பிளாஸ்டிக் கூரைக்கு எடை குறைவு. உள்ளே புகும் காற்று அதைத் தூணோடு சேர்த்து மேலே தூக்கப் பார்க்கும். அதனால் குழி வெட்டும்போதே வேலையின் தரம் தெரிந்துவிடும். நூல் கட்டி, 3-4-5 கணக்கில் மூலைமட்டம் பார்த்துக் குழிகளைக் குறிக்கிறார்கள். இரண்டரை அடிக்குக் குறையாத குழியில் ஜி.ஐ. குழாயை நிறுத்திக் கான்கிரீட் போடுகிறார்கள். குழாயின் கீழ்முனையில் குறுக்காக ஒரு கம்பித் துண்டு இருக்கும். கான்கிரீட் அதைக் கவ்விக்கொள்வதால் புயற்காற்றிலும் குழாய் உருவிக்கொண்டு வராது. எல்லாக் குழாய்த் தலைகளையும் தண்ணீர் நிரப்பிய ட்யூபை வைத்து மட்டம் பிடிக்கிறார்கள். இங்கே சோம்பினால், பின்னால் வளைவுகளை ஏற்றும்போது போல்ட் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேராது.

சட்டகத்தை முடிந்தவரை கிளாம்ப், போல்ட் கொண்டே இணைக்க வேண்டும். வயலில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். ஈரக்காற்று நிறைந்த குடிலில் முதலில் துருப்பிடிப்பதும் அங்கேதான். கூரைத் திறப்பு, வழக்கமாகக் காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். எதிர்முகமாக வைத்தால் காற்று நேரே உள்ளே பாயும்.

ஷீட் போடும் நாள்தான் பார்க்கத் தகுந்தது. புற ஊதாக்கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் சுருளைக் காற்று எழுவதற்கு முன், காலையிலேயே மேலே ஏற்றுகிறார்கள். எந்தப் பக்கம் உள்ளே வர வேண்டும் என்று ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். அதை வாசிக்காமல் விரித்தால் உட்பக்கம் நீர் கோத்துப் பயிர்மேல் சொட்டும். வளைவின்மேல் காலை அகட்டி உட்கார்ந்த இருவர் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் அலுமினியக் காடிக்குள் நெளிநெளியான ஸ்பிரிங் கம்பியை அழுத்துகிறார். மணிக்கட்டு இடமும் வலமுமாக ஆட, கம்பி நெளிவு நெளிவாக உள்ளே இறங்குகிறது. கையுறை போட்டவர்கள் குறைவு. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியவர்களைக் காண்பது அதைவிட அரிது. அத்தனை உயரத்தில் வேலை வாங்குகிற ஒப்பந்ததாரர்கள் இதை முதல் செலவாக வைக்க வேண்டும்.

ஷீட்டை உச்சி வெயிலில் தொய்வில்லாமல் முறுக்கிப் பூட்டினால் இரவுக் குளிரில் சுருங்கி விறைக்கும். தளர்ந்திருந்தாலும் ஆபத்துதான்: காற்றில் படபடவென்று அடித்து, குழாயில் உரசிக் கிழியும். குழாயின் சூடும் ஷீட்டை நொறுக்கும் என்பதால் தொடும் இடங்களில் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கந்தகம் கலந்த மருந்தை அடிக்கடி தெளித்தாலும் ஷீட்டின் ஆயுள் குறையும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு ஆண்டுகள் உழைக்கும்.

பக்கச் சுவர்களில் கீழே ஷீட், அதற்குமேல் 40 மெஷ் பூச்சி வலை. வாசலுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். வெள்ளை ஈயைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனாலும் பல குடில்களில் இரண்டு கதவும் ஒருசேரத் திறந்தே கிடக்கின்றன.

தோட்டக்கலைத் துறை வழியாக மானியம் கிடைக்கிறது. மானியக் கணக்கைப் பார்க்கும் அக்கறையோடு குழாயின் சுவர்த் தடிமனையும் பார்க்க வேண்டும். பேசியது 2 மில்லிமீட்டர் என்றால், லாரியிலிருந்து இறக்கும்போதே காலிப்பரால் அளந்துவிடுங்கள். குழியின் ஆழத்தையும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே அளந்து கொள்ளுங்கள். மூடிய பிறகு அதைச் சரிபார்க்க வழியில்லை.